பாதாம் மரத்தடியில் பதிமூன்று பேர்

இது நடந்த வீடு இன்னமும் மயிலாப்பூரில் இருக்கிறது. தெருவின் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று விஜயலக்ஷ்மி கேட்டுக்கொண்டாள். மற்றபடி இதில் கூட்டியோ குறைத்தோ ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். எத்தனையோ சாவுகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ரகம். அவளுக்குத்தான் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

1973-ஆம் வருஷம். கல்யாணராமன் என்கிற ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி, மனைவி போன பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துப் பெரியவர்களுக்கான பகல் இல்லம் ஒன்றை ஆரம்பித்தார். மகனும் மருமகளும் ஆபீஸ் போகிற வீடுகளில், ஞாபகம் தப்பிப்போன கிழவர் கிழவிகளைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது? காலையில் கொண்டுவந்து விட்டால் சாயங்காலம் அழைத்துப் போகலாம். தெருமுனை ரிக்‌ஷாக்காரர்கள் அதற்குக் 'கெழவங்க இஸ்கூல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள விஜயலக்ஷ்மி. சமையலுக்குத் தங்கம்.

பன்னிரண்டு பேரில் விஜயலக்ஷ்மிக்கு மனசு ஒட்டிப்போனது ஜானு மாமியிடம்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த மகள் தினமும் கொண்டுவந்து விடுவாள். மகளையே அடையாளம் தெரியாத நாளில்கூட, மாமி விஜயலக்ஷ்மியின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். மத்தியானம் ஆனால் மட்டும் நிலைகொள்ளாது. ஆத்துக்குப் போகணும், அவர் வந்துடுவார் என்று சொல்லிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து கிளம்பிவிடுவாள். 'அவர்' செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இரண்டு தடவை லஸ் முனையில், பஸ்களுக்கு நடுவிலிருந்து அவளை மீட்டுக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகு கல்யாணராமன் கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு பூட்டுப் போட்டார். சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து இனாயத் என்ற அதிகாரியை அழைத்து வந்து இடத்தைக் காட்டியதும் அதே கல்யாணராமன்தான். நல்ல மனுஷர். எல்லாம் சரியாக இருக்க வேண்டும் அவருக்கு. சினிமாக் கொட்டகைக்கு என்றால் விதி இருக்கிறது, இந்த மாதிரி இடத்துக்கு யாரும் எழுதி வைக்கவில்லை என்று சொன்ன இனாயத், தமக்குத் தெரிந்ததைச் சொல்வதாக வீடு முழுக்க நடந்து பார்த்தார். சமையலறை வாசலில் மணல் வாளிகள் வைக்கச் சொன்னார். நடக்க முடியாதவர்கள் வாசல் பக்கம் உட்கார வேண்டும் என்றார். புகை வந்தால் குனிந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே நகர வேண்டும் என்று விஜயலக்ஷ்மிக்குத் தாமே செய்து காட்டினார். மாதம் ஒரு தரம் மணி அடித்து, எல்லோரையும் வாசல் பாதாம் மரத்தடிக்குக் கொண்டுவந்து தலையை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணி முடித்த பிறகுதான் மூச்சு விட வேண்டும் என்றார்.

கடைசியாகக் கொல்லைக் கதவுக்கு வந்தார். பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இத எடுத்துருங்க சார். பூட்டிட்டா இது கதவு இல்ல, சுவரு."

"எடுத்தா அந்த மாமி ரோட்டுக்குப் போயிடுவா சார். வண்டி அடிச்சா அவா பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இனாயத் பூட்டைக் கையிலிருந்து விட்டார். கதவில் ஒரு மணியைக் கட்டி, பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வையுங்கள் என்றார். அடுத்த மாதம் ஆள் பார்க்கிறேன் என்று கல்யாணராமன் ஒப்புக்கொண்டார்.

முதல் ஒத்திகை. மணி அடித்ததும் எல்லோரும் மெதுவாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மரத்தடியில் நின்றார்கள். விஜயலக்ஷ்மி பின்னாலிருந்து எண்ணினாள்.

பதிமூன்று.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று, பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பன்னிரண்டு பேரும் குரல் கொடுத்தார்கள். சரியாக இருந்தது. வெயிலில் கண் ஏமாற்றியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த மாதமும் அதேதான். தலையை எண்ணினால் பதிமூன்று. பேரைக் கூப்பிட்டால் பன்னிரண்டு. தங்கத்தை எண்ணச் சொன்னாள். தங்கம் விரல் மடக்கி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"பதிமூணு கீதுக்கா... புச்சா யாராச்சும் வந்துகீறாங்களா?"

யாரும் புதிதாக வரவில்லை. ஆனால் அன்று சண்முகசுந்தரம் என்ற பெரியவர், தனக்குப் போட்ட நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றார். பக்கத்தில் ஒரு அம்மா நிற்கிறாள், அவளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய இடத்தில் யாரும் இல்லை. அவருக்கும் ஞாபகம் சரியில்லைதான். ஆனாலும்...

மூன்றாவது ஒத்திகையில் விஜயலக்ஷ்மி ஒரு முடிவோடு இருந்தாள். ஒவ்வொரு தோளாகத் தொட்டுத்தான் எண்ணுவது. தொட்டு நகர்ந்தாள். வெயிலில் நின்ற தோள்கள். ஒவ்வொன்றும் சூடாக இருந்தது.

ஒரு தோள் மட்டும் ஜில்லென்று இருந்தது. வெள்ளைப் புடவை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மழை பெய்து மாதக்கணக்கு ஆகியிருந்தது.

முகத்தைப் பார்க்க முன்பக்கம் வந்தாள். அங்கே ஜானு மாமி நின்றுகொண்டிருந்தாள். காய்ந்த, பழுப்புக் கலர்ப் புடவையில்.

விஜயலக்ஷ்மி தன் விரல்களைப் பார்த்தாள். ஈரம். ஈரத்தோடு கரி.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலையை விடச் சொல்லியிருப்பார்கள். ஜானு மாமியை யார் பார்த்துக்கொள்வது?

கொல்லைக் கதவுக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. பூட்டு அப்படியே தொங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரம். காப்பிக்காகத் தங்கம் பம்ப் ஸ்டவ்வை மூட்டினாள்.

டமார்...

ஸ்டவ் வெடித்து, தீ மண்ணெண்ணெய் டின்னைப் பற்றிக்கொண்டது. வெந்த கையோடு தங்கம் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். விஜயலக்ஷ்மி மணியை அடித்தாள். பழகிய கால்கள், தாமாக எழுந்து நடந்தன. யாரும் அழவில்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை. கரும்புகை கூடத்தை மூடுவதற்குள் கூட்டம் மரத்தடிக்கு வந்துவிட்டது.

கல்யாணராமன் எண்ணினார்.

"பன்னெண்டு. எல்லாரும் வந்தாச்சு. எல்லாரும் வந்துட்டா."

விஜயலக்ஷ்மியும் எண்ணினாள். பன்னிரண்டு.

மூச்சு விட்டாள்.

பாதி மூச்சு...

பன்னிரண்டா?

பதிமூன்று அல்லவா இருக்க வேண்டும்.

"ஜானு மாமி" என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

"மாமி..."

உள்ளே ஓடினாள். போகிற போக்கில் முந்தானையை வாசல் தொட்டி நீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டாள். குனிந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே நகர்ந்தாள். கண் தெரியவில்லை. சமையலறையைத் தாண்டும்போது ஒரு பக்கத்துக் கன்னம் பொசுங்கியது.

கொல்லைப் பக்கம்.

தட்... தட்... தட்...

கதவைத் தட்டுகிற சத்தம். மெதுவாக. வீட்டு மனுஷி தட்டுகிற மாதிரி.

அவள் நெருங்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

கைக்குப் புடவை தட்டுப்பட்டது. ஜானு மாமி கதவோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூட்டைக் கையால் பிடித்திருந்தாள்.

"தெறக்கலைடீ" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

விஜயலக்ஷ்மி அவளை இழுத்துக்கொண்டு, வந்த வழியிலேயே திரும்பினாள். எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மரத்தடியில் கொண்டுவந்து கிடத்தினாள். தீயணைப்பு வண்டியின் மணி தெருமுனையில் கேட்டது. வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற தங்கம் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன.

"இப்போ பதிமூணுக்கா."

ஜானு மாமியின் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. புகைதான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தாள். அந்த மூன்று நாளும் கல்யாணராமன் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவே இல்லை. பூணூலில் அந்தச் சாவி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு மாமியின் மகள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் தடுமாறி எழுந்தவரைக் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள். விஜயலக்ஷ்மியிடம் மட்டும் ஒன்று கேட்டாள்.

"அந்த நேரத்துல அம்மா தனியாவா இருந்தா?"

"இல்லம்மா. நான் இருந்தேன்."

முழுக்க உண்மை இல்லை. ஆனால் அந்தப் பெண் அதைக் கேட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

பகல் இல்லம் அதோடு மூடப்பட்டது. மிச்சம் இருந்த சாமான்களை எடுக்கப் போன நாளில், விஜயலக்ஷ்மி பக்கத்து வீட்டு அமீனா பீயிடம் கேட்டாள். ரொம்ப வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவர். இந்த வீட்டில் இதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா?

அமீனா பீ அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்.

முன்பு அங்கே ஒரு புருஷனும் பெண்சாதியும் குடியிருந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் முன்கதவையும் கொல்லைக் கதவையும் பூட்டிக்கொண்டு போவார்கள். யாரோடும் பழகமாட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் அந்த வீட்டில் தீப்பிடித்தது. தெருவே மரத்தடியில் கூடிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்ததும், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

"இல்லேன்னுதாம்மா எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு பேரும் காலைல போனத எல்லாரும் பாத்துருக்காங்களே."

வெளியிலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். தீ அணைந்தது. சாயங்காலம் அந்தப் புருஷன் வேலையிலிருந்து ஓடிவந்து, அம்மா, அம்மா என்று கத்திய பிறகுதான் உள்ளே ஒருத்தி இருந்ததே தெருவுக்குத் தெரிந்தது. ஞாபகம் தப்பிப்போன அம்மா. வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று மூடி வைத்திருந்தார்கள். கொல்லைக் கதவோடு சாய்ந்த மேனிக்கு இருந்தாள். வெள்ளைப் புடவை. தண்ணீரில் ஊறிப் போயிருந்தாள். கொண்டுவந்து அந்த மரத்தடியில்தான் கிடத்தினார்கள்.

விஜயலக்ஷ்மி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க பேரு என்னம்மா?"

அமீனா பீ தலையை ஆட்டினார்.

"யாருக்கும் தெரியாது. நாங்க யாரும் கேக்கவே இல்ல."