எந்தக் குருணை?

அன்று காலை விடுதிச் சமையற்கட்டில் இருந்தது நாலே பேர். தலைமைச் சமையல்காரர், தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஓர் அக்கா, பண்ணையிலிருந்து மூட்டை கொண்டுவந்தவர், அப்புறம் நான். 2008-ஆம் வருடம், தை அறுவடை முடிந்த சமயம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரி. விவசாயப் படிப்பும் உண்டு, சொந்தமாக வயலும் உண்டு. அங்கே பெண்கள் விடுதியில் சமையல் உதவிக்கு இருந்தேன். கிள்ளையில் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அது பெரிய வேலை.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பியிருக்கிறேன். பாலில் பல்லி கிடக்குமோ என்று கிண்டிப் பார்ப்பேன். சமையல்காரரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அவர் எனக்கு வைத்த பெயர் 'இன்ஸ்பெக்டரம்மா'.

கல்லூரி வயல் நெல்லை அரைக்கும்போது உடைந்து விழும் குருணையை விடுதிக்குக் கொடுத்துவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் அதில் உப்புமா. அன்றைக்கும் அதுதான். இரண்டு அண்டா வைக்க வேண்டும். முதல் அண்டாவுக்கு மாமா மூட்டையிலிருந்து அள்ளி அப்படியே கொட்டிவிட்டார். இரண்டாவது அண்டாவுக்கு உள்ளதை நான் கழுவி அரிக்க உட்கார்ந்தேன். கல் இருந்து எந்தப் பெண்ணுக்காவது பல் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலை.

"மிஷின்ல சலிச்சு வந்தத எதுக்கு அரிச்சிக்கினு கெடக்கற? மணியப் பாரு" என்று மாமா சலித்துக்கொண்டார்.

பாத்திரத்தின் அடியில் மண் தங்கியது. மண் தங்குவது புதிதில்லை. ஆனால் இது நாவல்பழத் தோல் நிறத்தில் இருந்தது. கழுவின தண்ணீரிலும் லேசாக அந்தச் சாயம். மாமாவிடம் காட்டினேன். "இன்ஸ்பெக்டரம்மா கேஸ் புடிச்சிட்டாங்க" என்று சிரித்துவிட்டு அண்டாவைக் கிளறப் போய்விட்டார். தேங்காய் துருவிய அக்காவும் சிரித்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த பண்ணைக்காரரிடம் போய், இது எந்தச் சாக்கில் வந்தது என்று கேட்டேன். அவர் திட்டக்குடிப் பக்கத்துக்காரர், கேலி ஜாஸ்தி.

"எட்டாவது படிச்சன்னு சொல்ற. சாக்கு மேலயே எழுதியிருக்குதே, படியேன்."

நீல மையில் பெரிதாக எழுதியிருந்தது: குருணை.

என் வீட்டுக்காரர் நாற்றங்காலுக்குப் பூச்சி மருந்து தூவப் போகிறவர். நாவல் நிறத்தில் மணல் மாதிரி இருக்கிற அந்த மருந்துக்கும் பெயர் குருணைதான். குருணை மருந்து என்று யாரும் நீட்டிச் சொல்வதில்லை. "குருணை போட்டாச்சா?" என்றுதான் வயலில் கேட்டுக்கொள்வார்கள். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எந்தக் குருணைண்ணே?" என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சாக்கை உள்வெளியாகத் திருப்பி, மூலைத் தையலை விரலால் நோண்டிப் பார்த்தார். அதிலும் அதே நாவல் நிறம். உள்ளே மாமா உப்பு பார்க்கக் கொஞ்சம் உப்புமாவை உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

"மச்சான், வாயில வைக்காத. கீழ போட்டுடு."

பண்ணைக்காரர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஏதோ கேலி பேச வாயெடுத்த மாமா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். அடுப்பை அணைத்தோம். நாலு பேரும் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கை கழுவினோம்.

தகவல் போய், பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் சார் வண்டியில் வந்தார். விசாரித்ததில் விஷயம் இதுதான். கிடங்கில் எந்தச் சாக்காக இருந்தாலும் உள்ளே இருப்பதன் பெயரை மேலே எழுத வேண்டும் என்று அவரேதான் சட்டம் போட்டிருந்தார். மருந்தை மணலோடு கலந்து வைத்த ஆள் ஒழுங்காகக் 'குருணை' என்று எழுதினார். மருந்து தீர்ந்ததும் சாக்கு ஆணியில் தொங்கியது. அரிசிக் குருணை கட்ட வந்தவர், பெயர் எழுதிய சாக்கே இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் சட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள். சாருக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அண்டாவில் இருந்ததையும் நான் கழுவி வைத்திருந்ததையும் கிணற்றுக்கு எட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்த வாரமே மருந்துக்குத் தனி அறை, தனிப் பூட்டு வந்தது. மருந்துச் சாக்கு காலியானால் அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும், விடுதிக்கு வருவது புதுச் சாக்கில்தான் வர வேண்டும் என்றும் ஆயிற்று.

பெண்களுக்கு வார்டன் சாயந்திரம்தான் விவரம் சொன்னார். காலையில், சமையல் தாமதம் என்று மட்டும் சொல்லி, கடையில் சேமியா வாங்கிக் கிண்டிப் போட்டோம். அன்றைக்குப் பரீட்சை வேறு. ஒரு பெண் தட்டை நீட்டியபடியே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்ஸாம் அன்னிக்குகூட நேரத்துக்கு ஆக்க மாட்டீங்களா? கொஞ்சங்கூட பொறுப்பே இல்லக்கா உங்களுக்கு."

நான் இன்னொரு கரண்டி வைத்தேன். அதையும் தின்றுவிட்டு, புத்தகத்தை அணைத்துக்கொண்டு அவள் படியிறங்கி ஓடினாள். வாழ்க்கையில் எவ்வளவோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு குளிர்வது அந்த ஒரு திட்டுக்குத்தான்.