ஒரே கரையில் இரண்டு கந்தப்பு

றெபேக்காவின் கமராவை முதன்முதலாகக் காண்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். முக்காலியில் ஏற்றிவைத்தால் சின்ன ஆர்மோனியப் பெட்டி மாதிரி இருக்கும். முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கடலும் வானமும் தலைகீழாகத் தெரியும். கனடாவில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த சித்தப்பா ஹெக்டர் தொழிலை விட்டபோது அனுப்பிவைத்தது.

"இந்தக் காலத்திலை இதுக்குப் பிலிம் எங்கை பிள்ளை வாங்குறது?" என்றாள் தாய் பியாட்றிஸ்.

றெபேக்கா பிலிமைத் தேடிப் போகவில்லை. பிலிம் இருக்கவேண்டிய இடத்தில், கமராவின் முதுகில் பூட்டிப் படத்தைப் பதிகிற டிஜிட்டல் பாக் ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கினாள். உள்ளங்கை அளவுப் பெட்டி அது. கமராவின் கண்ணாடியோ பெரிது. ஆகவே ஒரு காட்சியைத் துண்டு துண்டாகத்தான் எடுக்கமுடியும். லென்ஸ் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னால் பாக்கை மட்டும் இடமும் வலமும் மேலும் கீழுமாக நகர்த்தி எடுத்து, பிறகு கணினியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கவேண்டும். அந்தப் பாக் சறுக்கி ஓடுவதற்கான தட்டைச் சுன்னாகத்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவரைக் கொண்டு செய்வித்தாள். தைத்து முடித்த படத்தைச் சுவரளவு பெரிதாக்கினாலும் மணலில் கிடக்கிற சிப்பி தெரியும். கலியாண வீடுகளில் அதற்குப் பொறுமை யாருக்கு இருக்கிறது? நகரத்தில் அவளுடைய கலியாணப் பட ஸ்ரூடியோவில் அது மூலையில்தான் கிடந்தது.

அதைக் கேள்விப்பட்டு வந்தவன் பிறேம். காங்கேசன்துறைக்குக் கிழக்கே கடற்கரையோடு விடுதி கட்ட வந்திருந்த கம்பனி ஒன்றின் முகாமையாளன்.

"அக்கா, அலுவலகச் சுவர் முழுக்க ஒரு படம் வேணும். வெறுங்கடல், வெறுங்கரை. ஆக்கள் ஒருத்தரும் இருக்கக்கூடாது."

அவள் சம்மதித்துக் காலையில் போனாள். கரை வெறுமையாக இருக்கவில்லை. கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. வள்ளங்கள் ஏறிக் கிடந்தன. பெண்கள் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கந்தப்பு, இடுப்பில் துவாயோடு வந்து துருத்தியைத் தட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, நாங்கள் எப்ப விலகவேணும்?"

"ஏன் அண்ணை விலகவேணும்?"

"கம்பனிக்காரர் வந்தால் அப்பிடித்தான் சொல்லுவினம். ஆமி கரையைப் பிடிச்சு வைச்சிருக்கேக்கை அகதி முகாமிலை கிடந்து, இப்பதான் கரையை மிதிச்சிருக்கிறம். இதை ஆளில்லாத காணி எண்டு எழுதிக் குடுத்திருக்கினமாம்."

றெபேக்காவுக்குக் காதுமடல் சுட்டது. துணிக்குள் தலையை விட்டாள். காற்றில் துருத்தி ஆடாமலிருக்கக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பாக்கை நகர்த்தி நகர்த்தி அங்கே இருந்ததை இருந்தபடியே எடுத்தாள்.

அவள் சிறிதாக்கி அனுப்பிய மாதிரியைப் பார்த்துவிட்டுப் பிறேம் போன் எடுத்தான்.

"அருமையான படம் அக்கா. வள்ளங்களையும் ஆக்களையும் அழிச்சுவிட்டால் சரி."

"ஏலாது தம்பி."

"கணினியிலை சின்ன வேலைதானே?"

"சின்ன வேலைதான். நான் செய்யமாட்டன்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். பிரதேச செயலகத்தில் விடுதித் திட்டம் பற்றி மக்கள் கருத்துக் கேட்கிறார்கள் என்று கந்தப்பு சொல்லியனுப்பிய பிறகுதான் மறுபடி சூடு ஏறியது. படத்தைப் பதாகைத் துணியில் பெரிதாக அடிப்பித்து, சுருட்டி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மண்டபத்தில் பிறேம் திரையில் தன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். நீலக் கடல், வெண்மணல், ஒரு குஞ்சும் இல்லை. அந்த முகிலை றெபேக்காவுக்குத் தெரியும். அது அவளுடைய படம். மாதிரியை எடுத்து யாரோ துடைத்திருக்கிறார்கள்.

எழுந்து முன்னால் போனாள். "மிஸ், நானும் ஒண்டு காட்டவேணும்."

கூட்டத்தை நடத்திய அதிகாரி நிரோஜா நிமிர்ந்தாள். "கருத்து எண்டால் சொல்லுங்கோ."

"இதுதான் என்ரை கருத்து," என்று துணியை அவிழ்த்தாள். பின்வரிசையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து சுவரோடு பிடித்தார்கள். வள்ளங்களின் பெயர்கள், வலையின் கண்கள், கூடையில் மீன், எல்லாம் தெரிந்தன. தங்கள் முகங்களைக் கண்ட பெண்கள் கத்திச் சிரித்தார்கள்.

பிறேம் கிட்டப் போய்ப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"மிஸ், உது ஒட்டின படம். நம்பேலாது. பாருங்கோ, உந்த ஆள் ரெண்டு இடத்திலை நிக்கிறார்!"

உண்மைதான். வள்ளத்தடியில் ஒரு கந்தப்பு, வலையடியில் இன்னொரு கந்தப்பு. தைக்கும்போதே றெபேக்கா அதைக் கண்டிருந்தாள். ஒருவரை அழிக்கக் கையும் போனது. ஒன்றை அழித்துவிட்டு மற்றதையெல்லாம் நம்பு என்று யாரிடம் சொல்வது? விட்டுவிட்டாள். இப்போதும் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஓம், ஒட்டின படம்தான். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையிலை இவர் நடந்தவர், அதாலை ரெண்டு தரம் விழுந்திட்டார். துண்டெல்லாம் என்னட்டை இருக்கு, ஒவ்வொண்டாப் போட்டுக் காட்டுறன். தம்பி காட்டினதும் என்ரை படம்தான். முகிலைப் பாருங்கோ, ரெண்டிலையும் ஒரே முகில். வள்ளத்தை அழிச்சவர் மணலிலை அதை இழுத்த தடத்தை அழிக்க மறந்திட்டார்."

எல்லாத் தலைகளும் திரைப்பக்கம் திரும்பின. வெறும் மணலில் ஒரு நீளக் கோடு, தண்ணீரிலிருந்து ஏறி வந்து ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தது.

கந்தப்பு எழும்பினார். "மிஸ், ரெண்டு பேரும் நான்தான். இவையின்ரை படத்திலை நான் ஒரு இடத்திலையும் இல்லை. ரெண்டு தரம் நிண்டது பிழையோ, ஒரு தரமும் இல்லாமல் போனது பிழையோ?"

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பிறேம் திரையை அணைக்கப் போனான். "அது அப்பிடியே இருக்கட்டும்," என்றாள் நிரோஜா.

அடுத்த கிழமை அதிகாரிகள் கரைக்கு வந்து பார்த்தார்கள். திட்டம் நின்றுபோகவில்லை. விடுதி ரோட்டுக்கு அப்பால் தள்ளிப்போனது, கரைவலை இழுக்கிற பாடு தப்பியது. கந்தப்புவுக்கு அது போதாது. விடுதி முழுக்கவும் போகவேண்டும் என்று இன்றைக்கும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார். றெபேக்காவை அதன்பிறகு எந்த விடுதிக்காரரும் கூப்பிடவில்லை. அவள் அசரவுமில்லை. கமராவை மூலையிலிருந்து எடுத்து, கரை கரையாகப் போய்ப் படம் எடுக்கத் தொடங்கினாள். ஸ்ரூடியோ வாசலில் ஒரு பலகையும் தொங்கவிட்டாள்: 'இங்கே ஆட்களை அழித்துத் தரமாட்டோம்.'

தன் மகளின் கலியாணப் படத்துக்குப் பேச வந்த லூர்த்தம்மா அதை வாசித்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அப்ப பொம்பிளையின்ரை முகப்பருவையும் அழிக்கமாட்டியளோ?"

"பரு தானாப் போறது அன்ரி, அதை அழிக்கலாம். மாப்பிள்ளையின்ரை சொந்தக்காரரைத்தான் அழிக்கமாட்டன். உள்ளை வாங்கோ."