டைனமோ வயர்

"ஒரு வயரும் வெளியில தெரியக்கூடாது," என்று வயரிங் செய்ய வந்தவரிடம் கண்டிப்பாய்ச் சொன்னேன். நேற்று டிவி வயர் தடக்கி அம்மா விழப் பார்த்தா. வந்தவர் சுவரை வெட்டி, டிவிக்குப் பின்னால் பிளக் வைத்து, வயரையெல்லாம் உள்ளே விட்டுப் பூசினார்.

கரண்ட் இல்லாத சண்டைக் காலத்திலும் இந்த வேலணை வீட்டுக்குள் ஒரு வயர் கிடந்தது. ஸ்ராண்டில் நிற்கும் சைக்கிளை அப்பா மிதிக்க, டைனமோவிலிருந்து றேடியோவுக்குப் போன வயர். அவர் களைத்தால் செய்தியும் தாழ்ந்துபோகும்.

"இஞ்சாருங்கோ, மிதியுங்கோ! எந்த ஊரில குண்டு விழுந்ததெண்டு கேக்கேல்லை," என்று குசினிக்குள் சமைத்தபடி அம்மா அப்பாவிடம் கத்துவா. அவவின் தம்பி அப்போது வன்னியில் இருந்தார்.

வேலை முடிந்ததும் டிவியைப் போட்டேன். சத்தம் தாழ்ந்து கேட்டது, அம்மாவுக்குக் காணாது. கதிரையிலிருந்து அம்மா கத்தினா: "இஞ்சாருங்கோ, மிதியுங்கோ!"

அப்பா செத்துக் கனகாலம். நான் றிமோட்டை அமத்திச் சத்தத்தைக் கூட்டினேன்.

"மிதிக்கிறன், அம்மா."