வாசல்ல கிடந்த அம்மா செருப்பு

இன்னைக்கு நெல்லித்தோப்புல ஒரு செருப்புக் கடையில எங்கம்மாவோட வண்டவாளம் வெளியே வந்துடுச்சு.

பக்கத்துல ஒரு பொண்ணு, நர்சரியில சேரப்போற மகனுக்கு ஷூ பாத்துக்கிட்டிருந்தா. "விட்டுட்டு வந்தா அழுவானே"ன்னு அவ கவலைப்பட, எங்கம்மா கூச்சமே இல்லாம சொல்றாங்க:

"உன் செருப்ப கிளாஸ் வாசல்ல விட்டுட்டு நைசா கிளம்பிடும்மா. செருப்பு கிடந்தா அம்மாவும் இருக்கான்னு நெனைச்சுக்கும். இவள அப்படித்தான் பழக்கினேன்."

இவள்னா, நான்தான்!

எண்பதுகள்ல நான் நர்சரி சேர்ந்த புதுசுல, அழும்போதெல்லாம் டீச்சர் வாசலைக் காட்டுவாங்க. "அதோ பாரு, அம்மா செருப்பு. வெளியேதான் உக்காந்திருக்காங்க." நீல வார் வெச்ச ரப்பர் செருப்பு. அதைப் பாத்ததும் கண்ணைத் தொடச்சுக்குவேன்.

கடையிலயே கேட்டுட்டேன். "அப்போ நீ அங்க இருந்ததே இல்லையாம்மா?"

"உங்கப்பாவுக்கு மில்லுக்குச் சோறு யாருடி எடுத்துக்கிட்டுப் போறது? வெறுங்காலோட ஓடுவேன். ஸ்கூல் விடுறதுக்குள்ள வந்து செருப்ப மாட்டிக்குவேன். டீச்சரம்மா சொல்லிக்குடுத்த ஐடியாதான்."

ஆக, டீச்சரும் கூட்டு!

வெளியே உக்காந்திருக்கிற அம்மாவுக்குக் கேக்கணுமேன்னு, கிளாஸ்லயே நான்தான் தொண்டை கிழியப் பாடுவேன். அத்தனை பாட்டையும் கேட்டது ஒரு ஜோடி செருப்பு.

நீங்க நர்சரியில பாடினதை யாரு கேட்டாங்கன்னு உங்கம்மாகிட்ட இன்னைக்கே விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க. நான் மட்டும் ஏமாந்தேன்னு இருக்க வேணாம்.