மேலொப்பம் இல்லாத அறிக்கை

துறைக் கையேட்டின் பதினான்காம் விதி இப்படிச் சொல்கிறது: "திசுச் சோதனைக்கு வந்த மாதிரியின் அறிக்கை, அது பெறப்பட்ட ஏழு வேலை நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும். பயிற்சியிலுள்ள முதுநிலை மாணவர் அறிக்கையை எழுதலாம். பேராசிரியரின் மேலொப்பமின்றி அதை வெளியிடக் கூடாது."

நல்ல விதி. பிற்காலத்தில் நானே துறைத் தலைவராக உட்கார்ந்து, இதே விதியை இரண்டு உட்பிரிவுகள் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் விதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஏழு நாட்கள் என்ன ஆயின என்பதை மட்டும் சொல்கிறேன்.

வாய் நோய்க்குறியியல் என்பது பல் மருத்துவத்தில் யாரும் ஆசைப்பட்டுக் கேட்காத மேற்படிப்பு. பல் பிடுங்க வேண்டாம், கட்ட வேண்டாம். மற்றவர்கள் வெட்டி அனுப்பும் சதைத் துணுக்கைச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, அது இன்ன நோய் என்று எழுத வேண்டும். நோயாளி நம் முகத்தைப் பார்ப்பதில்லை. நாமும் அவரை ஒரு எண்ணாகத்தான் அறிவோம். கையில் நடுக்கம் உள்ளவர்கள் எடுக்கும் படிப்பு என்று அறுவைச் சிகிச்சைத் துறையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த ஆண்டுகள். எனக்கு அந்த இடம் எந்தக் கணக்கில் கிடைத்தது என்பது விடுதியில் எல்லோருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். சாப்பாட்டு மேசையில் நான் வந்து உட்கார்ந்ததும் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறும். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆய்வேட்டுக்காகக் கல்வராயன் மலையில் புகையிலை போடுகிறவர்களின் வாயைப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டாம் ஆண்டில் நான் விண்ணப்பித்தபோது, ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. என் பணிக்காலத்தில் அவ்வளவு வேகமாக நகர்ந்த கோப்பு வேறில்லை.

கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பாய் நடத்திய பெயின்ட் கடையின் மாடியில் அறை எடுத்தேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கல்லூரியில் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்த பழைய நுண்ணோக்கி. காலையில் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்புவேன். நாள் முழுக்க நான் சொல்லும் ஒரே வாக்கியம் "வாயத் தொறங்க" என்பதுதான். திறந்த வாயால் யாரும் பதில் பேச முடியாது. அப்படியே பல வாரங்கள் போயின.

கீழே டீக்கடையில் மட்டும் என்னிடம் பேசுவார்கள். சாருக்கு எந்த ஊர் என்பார்கள். ஊரைச் சொன்னால், ஊரில் எந்தத் தெரு என்பார்கள். விடுதியில் கேட்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள். இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்த்தார்கள். பாதி டீயோடு எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். நாளடைவில் டீயையும் விட்டுவிட்டேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, வெள்ளிமலை அரசு மருந்தகத்தில் ஓர் அம்மாள் வாயைத் திறந்தார். மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போகிறவர், நாற்பது வயதிருக்கும். இடது கன்னத்தின் உட்புறம், புகையிலை அடக்கும் இடத்தில், வெள்ளைப் படலத்துக்கு நடுவே வெல்வெட் துணிபோல ஒரு சிவப்புத் திட்டு. வெள்ளை மட்டும் என்றால் காத்திருக்கலாம். சிவப்பு இருந்தால் காத்திருக்கக் கூடாது என்பது பாடம். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்கு வெட்டி எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் ஃபார்மலின் கேட்டேன். திசு கெடாமலிருக்க அதில்தான் போட வேண்டும். மருந்தக இருப்புப் பதிவேட்டில் ஒரு புட்டி ஃபார்மலின் இருந்தது. காலையில் நானே பார்த்திருந்தேன். அலமாரியில் இல்லை. பதிவேட்டை நம்பி அலமாரியைத் திறக்காமல் கத்தியை எடுத்தது என் தவறு. எல்லா விதியும் படித்தவன்தான் இப்படிப்பட்ட தவறைச் செய்வான்.

மருந்தக ஊழியர் வெளியே போய், ஒரு சிறிய புட்டியோடு திரும்பினார். மூடியைத் திறந்ததும் என்னவென்று புரிந்தது. அந்த மலையில் அதற்குப் பஞ்சமில்லை. கன்னத்தில் பஞ்சை அடக்கியிருந்த அம்மாள் அதோடேயே சொன்னார்:

"போடுங்க சாரு. எங்கூரு சரக்கு. அதுல ஊறுனா ஒண்ணும் கெடாது."

தவறில்லை. சாராயத்தில் திசு கொஞ்சம் சுருங்குமே தவிர அழுகாது. போட்டேன்.

"எத்தினி நாளு ஆவும்?" என்று கேட்டார்.

ஏழு நாள் என்றேன். முடிவோடு நானே மேலே வருவதாகவும் சொன்னேன்.

அன்றே சென்னைக்குப் பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை தகடு தயார். வாயின் உட்தோலில் மேலடுக்குக்கும் அடிச்சதைக்கும் நடுவே ஒரு மெல்லிய எல்லை உண்டு. அந்த எல்லையை ஓர் இடத்தில் மட்டும் உடைத்துக்கொண்டு செல்கள் கீழே இறங்கியிருந்தன. புற்றுநோய்தான், ஆனால் இப்போதுதான் வாசல் தாண்டியிருக்கிறது. உடனே வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்வார். கழுத்தின் நெறிக்கட்டிகளுக்குப் பரவிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பேராசிரியர் வெளிமாநிலத்துக்குத் தேர்வாளராகப் போயிருந்தார். பொறுப்பிலிருந்தவர் தகட்டைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தார். 'திசு வைக்கப்பட்ட திரவம்' என்ற இடத்தில் நான் 'நாட்டுச் சாராயம்' என்று எழுதியிருந்தேன். உண்மையை எழுத வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. மாலையில் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அங்கீகரிக்கப்படாத திரவத்தைப் பயன்படுத்தியது ஏன்? எந்த உரிமத்தின் கீழ் அது பெறப்பட்டது? விளக்கம் ஏற்கப்படும்வரை அறிக்கை நிறுத்திவைக்கப்படுகிறது.

அங்கேயே உட்கார்ந்து மூன்று பக்க விளக்கம் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் வந்ததும் பதில் தபாலில் வரும் என்றார்கள். அதே திசுவின் இரண்டாவது தகடு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை கள்ளக்குறிச்சி திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை, இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் சாலைகளை மறித்தார்கள். தியாகதுருகம் பக்கமும் மலைக்குப் போகும் சாலையிலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. பாய் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு மாடிப்படியில் நின்று சொன்னார்:

"டாக்டர் சார், மேலேயே இருந்துக்கங்க. கீழ வந்தா நீ எந்தப் பக்கம்னு கேப்பானுங்க. நீங்க எதச் சொன்னாலும் தப்பாப் பூடும்."

இருந்தேன். செய்ய வேறு வேலை இல்லாததால் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அந்த இடத்துக்குக் கண் தானாகப் போனது. மூன்று நாளில் அந்தச் செல்களை எனக்கு மனிதர்களைவிட நன்றாக அடையாளம் தெரிந்தது. இதை எழுதும்போதும் அது மிகையாகத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் காலை அந்த அம்மாள், மருந்தகத்தில் என் அறையை விசாரித்துக்கொண்டு, படியேறி வந்தார். கையில் பாய் அவருக்குக் கொடுத்த டீ.

"மரத்தத் தாண்டித் தாண்டி வந்தேன் சாரு. நீங்க வருவீங்கன்னு பாத்தேன். பஸ்ஸே காணோம்."

முந்தின நாளே கிளம்பி, மலையடிவாரக் கச்சிராயபாளையம் வரை இறங்கி, அங்கிருந்தும் நடந்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை என்றேன். அவர் மேசையைப் பார்த்தார்.

"நீங்க பாத்துட்டீங்களா?"

"பார்த்தேன்."

"அப்புறம் இன்னா? சொல்லுங்க."

நான் சொல்லக் கூடாது, பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று விளக்கினேன். பதினான்காம் விதியை நான் அவ்வளவு எளிய தமிழில் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் விளக்கியதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவரு என் வாயப் பாத்தாரா?"

"இல்ல."

"நீங்கதான பாத்தீங்க."

டீயைக் குடித்துவிட்டு நுண்ணோக்கியைக் காட்டி, தானும் பார்க்கலாமா என்று கேட்டார். நாற்காலியை விட்டு எழுந்தேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"செவப்புச் செவப்பா கீது. இதுல எது கெட்டது?"

ஊசிமுனையால் அந்த இடத்தைக் காட்டினேன். கெட்டது என்ற சொல்லை நான் சொல்லவில்லை. காட்டிய பிறகு அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை. அவர் நிமிர்ந்து, புடவைத் தலைப்பால் கண்ணாடியில் மூச்சுப் பட்ட இடத்தைத் துடைத்தார்.

அறிக்கையை முழுதாக எழுதினேன். கீழே என் பெயர், முதுநிலை மாணவர், தேதி. வலப்பக்கம் மேலொப்பத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. தெரிந்தே செய்த விதிமீறல் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பஸ் ஓட ஆரம்பித்த அன்றே சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி, எந்த வாசல், எந்த அறை, யாரிடம் காட்ட வேண்டும் என்று வரைந்தும் கொடுத்தேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. மரங்களை அகற்றினார்கள், பஸ் ஓடியது, தபால் வந்தது. எனக்கு வேண்டிய பதில் மட்டும் வரவில்லை. இரண்டு நினைவூட்டல் எழுதினேன். வெள்ளிமலை போகும்போதெல்லாம் விசாரித்தேன். தம்பியோடு மலையிறங்கிப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றார்கள். மேலொப்பம் இல்லாத தாளை எந்த மேசையிலிருந்து திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று ஒவ்வொரு மேசையாக நினைத்துப் பார்ப்பேன். எல்லா மேசைகளும் எனக்குத் தெரியும் என்பதுதான் தொல்லை. அறையில் யாரோடும் பேசாமலிருந்த நாட்களில் இந்த யோசனை ஒன்றே துணை.

மார்கழியில் மருந்தகத்தில் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒரு பக்கம் குழிந்திருந்தது. "வாயத் தொறங்க" என்றேன். இரண்டு விரல் அளவுதான் திறந்தது. உள்ளே தழும்பு சுத்தமாக ஆறியிருந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கட்டி எதுவும் இல்லை.

அங்கே தாளைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லையா என்றேன்.

"ஒருத்தரு படிச்சாரு, வாயப் பாத்தாரு, படுத்துக்கோன்னாரு. அவ்ளோதான்." பிறகு ஞாபகம் வந்தவராகக் கேட்டார்: "உங்களுக்கு வர வேண்டிய பதிலு வந்துச்சா?"

இல்லை என்றேன்.

"வரலன்னா போவுது சாரு. நான் வந்துட்டேன் இல்ல."

மேலொப்பத்துக்கான அந்தக் கட்டத்தை யாரும் பார்க்கவே இல்லை. அன்று பஸ்ஸில் மலையிறங்கும்போது முன்சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். ஊரையும் தெருவையும் சேர்த்தே சொன்னேன்.

பதில் பிறகு வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, வருங்காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட திரவத்தையே பயன்படுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறது, அறிக்கை மேலொப்பமிட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நோய் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லும் மாறவில்லை. வழக்கப்படி உறையின் மூலையில் பெறப்பட்ட தேதியைக் குறித்துவைத்தேன்: ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை.