குல்பாஷ் சொல்லாத பெயர்

உங்கள் வீட்டுப் பெண்கள் எந்தெந்தச் சொற்களைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

கசாக் நாட்டில் நான் குடியிருக்கும் தெருவில் குல்பாஷ் ஒரு பறவையின் பெயரை இருபத்தெட்டு வருடம் சொல்லவில்லை. கசாக் மருமகள் கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயரை உச்சரிக்கக் கூடாது. அவள் மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், பெயர் தொர்காய்பை. தொர்காய் என்றால் சிறு பறவை. குருவி, வானம்பாடி, மைனா எல்லாம் ஏதோ ஒரு தொர்காய்தான். ஆக, வானத்தில் பாதி அவளுக்கு விலக்கு. "சிறகுக்காரங்க வந்துட்டாங்க" என்பாள். மனைவியின் அக்கா பெயரைச் சொல்லாமல் விழுங்கிய மருமகன் ஒருவனையும் நான் இங்கே பார்த்ததில்லை.

குல்பாஷ் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். கணவன் இறந்து ஆறு வருடம். ஒரு அறை கட்ட அவர் சேர்த்த கல் கொல்லையில் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. இந்த மே மாதம் புல்வெளியில் வெட்டுக்கிளி கிளம்பியது. அதன் பின்னாலேயே அவை வந்தன. நம் ஊரில் சூறைக்குருவி என்போமே, அவைதான். கறுத்த தலை, ரோஜா நிற முதுகு. இங்கே அதன் பெயருக்கு முன்னால் 'கரா', அதாவது கறுப்பு, என்று சேர்ப்பார்கள். வானத்தில் ஒரு மேகம் திரும்பி, மடிந்து, கல்குவியலின் மேல் கொட்டியது. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு கூடு.

ஜூனில் குஞ்சு பொரித்தபோது கல்லில் காதை வைத்துப் பார்த்தேன். குவியல் முழுவதும் கொதிக்கும் பானை போல இரைந்தது. குல்பாஷ் பால் தேநீரும் முக்காலியுமாக அதன் எதிரில் உட்கார்ந்து ஒரே ஒரு இடுக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்று முறை வெட்டுக்கிளி வந்தது. குவியலில் ஆயிரம் இடுக்குக்குக் குறையாது. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்குத் தலை சுற்றியது. வயல் ஓரத்தில் ஊரார் வெட்டுக்கிளி ஒழியத் தொழுகை நடத்தினார்கள். பயிர் பிழைத்தது. நன்றி மட்டும் வேறு இடத்துக்குப் போனது.

ஒரு சனிக்கிழமை காலை தொர்காய்பை லாரியோடு வந்தார். அவருக்கு மாட்டுக்கொட்டகை கட்ட வேண்டும்.

"தள்ளும்மா. என் தம்பி சேத்த கல்லு."

"பத்து நாள் பொறுங்க மூத்தாரே. உள்ள குஞ்சுங்க இருக்கு."

"எதோட குஞ்சு? எலியா?"

"சிறகுக்காரங்களோடது."

"கோழிக்கும் சிறகிருக்கு, கொசுவுக்கும் சிறகிருக்கு." லாரி ஓட்டுநர் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "பேரச் சொல்லு பாப்போம். உன் வாயில வந்துட்டா வண்டியத் திருப்பிடறேன்."

வராது என்று அவருக்குத் தெரியும். லாரியின் உறுமலுக்குப் பயந்து இறங்க முடியாமல், வாயில் வெட்டுக்கிளியோடு நூற்றுக்கணக்கான தாய்ப்பறவைகள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. குல்பாஷ் அவற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"தொர்காய்" என்றாள். "கரா தொர்காய். போதுமா, தொர்காய்பை?"

ஓட்டுநர்தான் முதலில் வாய் திறந்தான். "அண்ணே, கூடவே உங்க முழுப் பேரும் வந்துருச்சு. திருப்பிரவா?"

"கொழுப்பப் பாரு இவளுக்கு" என்று முணுமுணுத்தபடி அவர் ஏறிக்கொண்டார். மூன்றாம் மனிதன் முன்னால் சொன்ன வாக்கு, வேறு வழியில்லை. குல்பாஷ் தன் முக்காலியில் போய் உட்கார்ந்தாள். நாக்கு அழுகவில்லை, இடி விழவில்லை. நான் சாட்சி.

பன்னிரண்டாம் நாள் காலை கொல்லையே எழுந்து பறந்தது. மண்நிறக் குஞ்சுகள், ஆயிரமாயிரம், வழி சொல்ல யாருமின்றி ஒரே திசையில் வளைந்தன. நிழல் எங்கள் மேல் ஓடி முடிய நெடுநேரம் ஆயிற்று. குல்பாஷ் வாய்விட்டுப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பனிக்காலத்தில் அவை நம் ஊருக்குப் பறந்து வந்து கம்பங்காட்டிலும் சோளக்காட்டிலும் இறங்கும். கதிரைக் கொத்தும், உண்மைதான், புழுவையும் பொறுக்கும். வெடி போட்டு விரட்டாதீர்கள். இரண்டு கதிர் போனால் போகட்டும், விட்டுவிடுங்கள்.