முட்டை நண்டுகளை விட்டுவைத்த வருஷம்

தாராவியிலிருந்து மான்கூர்டு ஆறு மைல் இருக்கும். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். காசிக்குப் போனவர்களும் சிங்கப்பூர் போனவர்களும் அவரவர் பார்த்ததை எழுதுகிறார்கள். நான் போனது இந்த ஆறு மைல்தான். ஆனால் பதினெட்டு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், தலையில் கூடையோடு போனேன். அதில் ஒரு நாளைச் சொல்கிறேன். அறுபத்தாறாம் வருஷம், ஆவணி மாதப் பௌர்ணமி. கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் போடுகிற நாள்.

காலை ஐந்து மணி. மழை விட்டிருந்தது, ஓட்டிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. என் மகள் செண்பகம் தலைப்பிரசவத்துக்கு அழைக்கும் முன்னாலேயே, ஐந்தாம் மாசத்திலேயே, மசக்கை தாங்காமல் கோவண்டியில் உள்ள புகுந்த வீட்டிலிருந்து என்னிடம் வந்து படுத்திருந்தாள். சோற்று வாசனை ஆகாது, ரசம் ஆகாது. மூன்று நாளாக ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கூடையை எடுத்ததும் பாயில் கிடந்தபடியே சொன்னாள்:

"எம்மா, இன்னைக்காவது முட்டையோட ஒரு நண்டு கொண்டாந்துரு."

பக்கத்து வீட்டு மதினி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். "நண்டு விக்கவ மவளுக்கு நண்டு இல்லையாக்கும்? வயித்துப்பிள்ளைக்காரி கேட்டத குடுக்காட்டா பிள்ளைக்குக் காது வடியும், பாத்துக்க" என்றாள். நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முட்டை நண்டு கொண்டுவர முடியாததற்குக் காரணம் உண்டு. முந்தின வருஷம் மான்கூர்டு உப்பங்கழியில் நண்டு குறைந்துபோயிற்று. கூடை நிறைய வந்தது பாதிக் கூடையானது, உள்ளங்கை அகலம் இருந்தது மூன்று விரலானது. அங்கே எனக்கு நண்டு கொடுப்பவள் யமுனாபாய், கோலிக்காரி. அவளிடம் நான்தான் கேட்டேன், அடிவயிற்றில் முட்டைக் கொத்தோடு வருவதையெல்லாம் பிடித்து விற்றால் நாளைக்கு நண்டு எங்கிருந்து வரும் என்று. முட்டை நண்டுக்குத்தான் நல்ல விலை, அதைக் கேட்டு வாங்குபவர்களும் எங்கள் தாராவிக்காரர்கள்தான் என்று அவள் திருப்பிச் சொன்னாள். அதுவும் நிஜம். கடைசியில் அந்த வருஷத் தேங்காய்ப் பௌர்ணமியன்று, கடலில் போட இருந்த தேங்காயின் மேல் நாங்கள் இரண்டு பேரும் கை வைத்தோம். அடுத்த தேங்காய்ப் பௌர்ணமி வரைக்கும் அவள் சந்தில் உள்ள ஐந்து வீடும் முட்டை நண்டைப் பிடித்தால் தண்ணீரிலேயே விட்டுவிடும். நான் கேட்க மாட்டேன், விற்க மாட்டேன், தாராவியில் விற்கிற மற்ற இரண்டு பெண்களையும் விற்க விட மாட்டேன். வருஷம் முடிந்ததும் கழியைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவது. அந்தக் கெடு முடிகிற நாள்தான் இது.

ஐந்தே முக்கால், சயான் ஸ்டேஷன். மூன்றாம் வகுப்பு டிக்கெட் இருபது பைசா என்று நினைவு. கூடைக்காரிகளுக்குச் சாமான் டப்பா, அதாவது லக்கேஜ் பெட்டிதான். பால் கேன்கள், கீரைக் கட்டுகள், நாங்கள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் மகாராணி மாதிரி இருக்கும்.

ஆறு மணிக்குக் குர்லாவில் இறங்கி மான்கூர்டு வண்டிக்குக் காத்திருந்தேன். பிளாட்பாரத்தில் டீ பத்துப் பைசா, இஞ்சி தட்டிப் போட்டிருப்பான். அங்கே நான் போகிற நாளெல்லாம் என்னோடு நிற்கிற ஒருவர் உண்டு. மாட்டுங்காவில் குடியிருக்கும் பாலக்காட்டுக்காரர், டிராம்பே பக்கம் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. என் கூடை வாசனைக்கு ஆறடி தள்ளித்தான் நிற்பார், ஆனால் பேச்சு மட்டும் தள்ளி நிற்காது. என் கெடுவைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும்.

"என்னம்மா, இன்னியோட வருஷம் முடியறதோல்லியோ? நண்டெல்லாம் பெருகியிருக்கா?"

இன்றைக்கு ஐந்து வீட்டு நண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

"நீங்க ஒரு வருஷமாத்தான் நண்டைக் காப்பாத்தறேள். நான் பொறந்த நாளிலேருந்து ஒண்ணைக்கூடத் தொடாம காப்பாத்திண்டு வரேன். என்னைக் கேப்பாரில்லே."

தொடாமல் இருப்பது உங்களுக்குச் சுலபம், ருசி தெரிந்தபின் விட்டுப் பாருங்கள் என்றேன். அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். தம் டிபன் டப்பாவை மட்டும் மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த நாளில் குர்லாவைத் தாண்டினால் ஊர் முடிந்துபோன மாதிரி இருக்கும். செம்பூரில் தண்டவாளத்தை ஒட்டித் தோட்டங்கள். மழைக்காலத்தில் புல் வாசனை டப்பாவுக்குள் வந்து பால் வாசனையையும் மீன் வாசனையையும் ஒரு நிமிஷம் தள்ளி நிறுத்தும். பெரிய நண்டுக்குக் கோலிகள் பாஷையில் சிம்போரி என்று பேர், அதிலிருந்து வந்ததுதான் செம்பூர் என்று யமுனா அடித்துச் சொல்வாள். நிஜமோ பொய்யோ, எனக்கு அதில் பெருமை. அடுத்தது கோவண்டி. அதற்கடுத்தது மான்கூர்டு. வண்டி அதற்குமேல் போகாது, அதனால் போர்டு படிக்க வராதவளும் தப்பாமல் இறங்கிவிடலாம்.

ஆறே முக்காலுக்கு இறங்கி, உப்பளங்களின் வரப்பு வழியாக ஒன்றரை மைல் நடை. மழையில் உப்பளம் எல்லாம் வெறும் ஏரி. வரப்பு வழுக்கும், கட்டை விரலை ஊன்றித்தான் நடக்க வேண்டும். இப்போதும் கண்ணை மூடினால் என் கால் அந்த வரப்பில் போகும். வலது பக்கம் கொக்குகள், தூரத்தில் டிராம்பே மலை, நடுவில் உப்புத் தண்ணீரில் நிற்கும் கண்டல் புதர்கள்.

நான் யமுனாவின் ஊர்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஓடையின் குறுக்கே கட்டிய வலைகளை எடுத்துக் கரையில் கொட்டியிருந்தார்கள். யமுனாவின் கொழுந்தன், தத்து என்று பெயர், நண்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஐந்து வீட்டு நண்டையும் சேர்த்துப் பார்த்தேன். போன வருஷத்தைவிட அதிகம் என்று வாயால் வேண்டுமானால் சொல்லலாம், கூடை அப்படிச் சொல்லவில்லை. இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். தத்து என் முகத்தைப் பார்த்தான். இந்தியும் மராட்டியும் கலந்துதான் பேசுவோம். அவன் சொன்னது இது:

"பார்த்தாயா பேச்சி? ஒரு வருஷம் நல்ல விலையைத் தண்ணீரில் விட்டோம். தண்ணீர் என்ன திருப்பித் தந்தது?"

கூட நின்ற யமுனா என் கையைப் பிடித்துச் சேற்றுக்குள் அழைத்துப் போனாள். முழங்கால் வரை சேறு. ஒரு கண்டல் புதரின் அடியில் குனியச் சொன்னாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அசையாமல் நின்றதும் சேறே அசைந்தது. நகத்தளவு நண்டுகள். வேருக்கு வேர், துளைக்குத் துளை, எங்கள் நிழல் விழுந்ததும் உள்ளே போவதும், நிழல் விலகியதும் கண்ணை நீட்டி வெளியே வருவதுமாக. அடுத்த புதரடியிலும் அப்படியே. முந்தின வருஷம் இதே இடத்தில் சேறு சும்மா கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இவை கூடைக்கு வர இன்னும் ஒரு மழைக்காலம் வேண்டும் என்றாள் யமுனா. கெடு போட்டபோது அந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஒரு வருஷத்திலேயே முட்டை பொரிந்து வளர்ந்து கூடைக்கும் வந்துவிடும் என்று நினைத்துவிட்டோம்.

யமுனா தேங்காய்ச் சோறு ஆக்க வீட்டுக்குப் போனாள், கெடுவை நீட்டுவது பற்றி ஆண்களிடம் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறேன் என்றாள். நான் பத்துப் பன்னிரண்டு ஆண் நண்டுகளை, கடா என்போம், கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தத்து கேட்டான், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று. மகளின் மசக்கையைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவன் எழுந்து போய், தண்ணீரில் விடுவதற்காக வைத்திருந்த பானையிலிருந்து ஒன்றை எடுத்தான். பெரிய பெட்டை. அடிவயிற்று மடல் மூட முடியாமல் மஞ்சள் முட்டைக் கொத்து பிதுங்கிக்கொண்டிருந்தது.

"எடுத்துப் போ. பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை மறுக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்" என்றான். பிறகு, கோபமே இல்லாமல், "கெடுவும் இன்றோடு முடிகிறது. நாளையிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்" என்றான்.

அவனே கயிறு கட்டித் தந்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். கூடைக்குள் மற்ற நண்டுகள் கரகரவென்று சுரண்டின. அது மட்டும் வாயில் நுரை கட்டிக்கொண்டு சும்மா இருந்தது. இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் செண்பகம் சிரிப்பாள், மதினி வாயடைத்துப்போவாள். தத்து அதை மனசாரத்தான் கொடுத்தான், பொறி வைக்கவில்லை. ஆனால் அவன் எனக்குக் கொடுத்தது ஒரு நண்டு, நான் அவனிடம் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தது வரப்போகிற ஒரு வருஷக் கெடு. சாப்பாட்டுக்குப் பிறகு யமுனா எந்த வாயால் பேசுவாள்? பேச்சியே வாங்கிப் போய்விட்டாளே என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்தக் குஞ்சுகள் அடுத்த வருஷம் முட்டையோடு வரும்போது ஒவ்வொன்றாகத் தாராவிக்குத்தான் வந்து சேரும், என் தலையில்.

மணி அடித்தது. நான் இறங்கிவிட்டேன். வண்டி போயிற்று.

திரும்ப ஒன்றரை மைல். வெயில் சுள்ளென்று அடித்தது. பத்து மணிக்குக் கரைக்குப் போனால், காலையில் நான் நின்ற சேறு எல்லாம் தண்ணீர். பௌர்ணமி நாளின் கடல் ஏற்றம், வேகமாக ஏறும். தத்து படகுக்குச் சாமந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றை அவிழ்த்தேன். வருஷக்கணக்காக நண்டு விற்றவளுக்கு அவிழ்க்கத் தெரியாதா? அன்றைக்கு அவசரப்பட்டேன். அந்த முட்டைக்காரி கொடுக்கால் என் ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டாள். விட மாட்டேன் என்றாள். தண்ணீருக்குள் கையை முக்கிக் காத்திருந்தேன். அவளுக்கே தோன்றியபோது விட்டாள்.

தத்து ஓடி வந்து, தண்ணீருக்குள் போகும் நண்டையும் என் விரலையும் பார்த்துவிட்டுச் சிரித்தான். தலைப்பாகைத் துணியைக் கிழித்துக் கட்டினான். பிறகு யமுனாவைக் கூப்பிட்டு, பூஜைக்கு வைத்திருக்கும் தேங்காயைக் கொண்டுவா என்றான். அவள் கரண்டியும் தேங்காயுமாக ஓடி வந்தாள். எதை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாய் என்று என்னைக் கேட்டாள். அவன்தான் பதில் சொன்னான்:

"அடுத்த தேங்காய்ப் பௌர்ணமி வரைக்கும். இந்தத் தடவை நானும் கை வைக்கிறேன்."

பதினொன்றரை வண்டியில் திரும்பினேன். கோவண்டி, செம்பூர், குர்லா. பகல் வண்டியில் கூட்டமில்லை. இப்போதெல்லாம் அந்தத் தண்டவாளம் கழியைத் தாண்டி அக்கரைக்கும் போகிறது. பாலத்தின் மேல் போகிற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. நான் பார்ப்பேன். தண்ணீர் வற்றியிருந்தால் சேறு அசைகிறதா என்று பார்ப்பேன். ஓடுகிற வண்டியில் என்ன தெரியும்? இருந்தாலும் பார்ப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செண்பகம் எழுந்து உட்கார்ந்தாள்.

"கையில என்னம்மா கட்டு?"

"நண்டு கடிச்சிட்டு."

"முட்டை நண்டா?"

"ஆமா."

"எங்க அது?"

"தண்ணியில."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளையைவிட நண்டு உசத்தியாகப் போயிற்றா என்று சுவரிடம் கேட்டாள். நான் கடா நண்டுகளில் இரண்டை உடைத்து, மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தேன். ஒரு கையால் அரைப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொதி வந்ததும் அவளாகவே எழுந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு காலை உடைத்து உறிஞ்சினாள். குமட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, அங்கே குஞ்சு இருந்ததா என்று கேட்டாள். நகத்தளவு, எண்ண முடியாது என்றேன்.

"அப்ப அடுத்த வருசம் எனக்கு முட்டையோட கிடைக்கும்."

"அடுத்த வருசமும் கிடையாதுட்டி."

அவள் என் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தாள். பிறகு தட்டை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னாள்.